திரையை அணைத்துவிட்டுக் காட்டுங்கள்

அக்டோபர் 11, சனி

இன்றும் சாப்பாட்டு மேசையில் தம்பி டெரிக்கும் அவனுடைய நண்பன் ஹம்மாத்தும் சண்டை. டெரிக்குக்கு லினக்ஸ்தான் வேதம். ஹம்மாத்துக்கு மேக். இருவருக்கும் பொது எதிரி, என் அறைக் கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸ்.

"அக்கா, இந்த மாசத்தோட உன் விண்டோஸ் பத்துக்கு அப்டேட் நின்னுடும். கதவு இல்லாத வீடு மாதிரி ஆயிடும்" என்றான் டெரிக்.

"மேக் வாங்கிக் குடு மச்சி, தலைவலி தீரும்" என்றான் ஹம்மாத்.

மீன் குழம்பு ஆறிப்போனது. அந்த விண்டோஸில் தினமும் வேலை செய்கிற நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒருவனும் என்னைக் கேட்கவில்லை. கண் தெரியாதவளுக்குக் காதும் கேட்காது என்று நினைப்பு போல.

அக்டோபர் 19, ஞாயிறு

போனில் பேசிப் பதிகிறேன். கம்ப்யூட்டர் இருக்கிறது. என்னுடையதாக இல்லை.

சாந்தோம் கோயிலில் பூசை முடிந்து வந்து பட்டனை அழுத்தினேன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். நிசப்தம். பின்னாலிருந்து டெரிக்: "அக்கா, சர்ப்ரைஸ். லினக்ஸ் போட்டுட்டேன். ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கு."

"குரல் எங்க?"

"அது... ஆன் பண்ணணும். இரு."

வந்தது வேறு குரல். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் வருடக்கணக்காக என் விரல்கள் மனப்பாடம் செய்த ஷார்ட்கட் ஒன்றுகூட எனக்குத் தெரிந்த இடத்துக்குப் போகவில்லை. அமுக்கினா எங்கேயோ போய் நிக்குது. எங்க நிக்குதுன்னு தெரியல. என்னைக் கேட்டியாடா? ஒரு வார்த்தை கேட்டியா?

"பழகிடும்க்கா. இதுதான் சுதந்திரம்" என்றான்.

யாருக்கு?

அக்டோபர் 20, திங்கள்

தெருவெல்லாம் தீபாவளி வெடி. என் நாற்காலியில் டெரிக். காலையிலிருந்து "இன்னும் அஞ்சு நிமிஷம், சரியாயிடும்" என்கிறான்.

அக்டோபர் 22, புதன்

வேலை போய்விட்டது.

நோயாளிகளின் பேச்சுப் பதிவுகளைக் கேட்டு, ஓர் ஆய்வுக் குழுவுக்கு எழுத்தாக்கித் தருவது என் வேலை. இன்று தர வேண்டும். குழுவின் ஸ்நேஹா போன் செய்தாள். "டீனா, நீங்க லேட் பண்ற ஆள் இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் மாட்டிப்பேன். பாலவாக்கத்துல ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்." அடுத்த வேலையைப் பற்றிக் கேட்டேன். "பாக்கலாம்" என்றாள்.

பாதியில் நின்றது ஒரு மீன்காரம்மாவின் பதிவு. மார்பில் கட்டி என்று தெரிந்த பிறகு புருஷனிடம் எப்படிச் சொன்னார் என்று ஆரம்பித்திருந்தார். "அது இன்னான்னு கேட்டுச்சு, நான் வாயே தொறக்கல" — அந்த இடம். மிச்சத்தை இனி வேறு யாரோ கேட்பார்கள்.

டெரிக்கிடம் சொன்னேன். "சாரிக்கா. ஆனா நீ ஒரு வாரம் பொறுத்திருந்தா—"

கதவை அறைந்து சாத்தினேன். அவன் விரல் நடுவில் மாட்டவில்லை. மாட்டியிருந்தாலும் வருந்தியிருக்க மாட்டேன்.

அக்டோபர் 25, சனி

தி. நகரில் கம்ப்யூட்டர் கடை. ஹம்மாத் காரில் கூட்டிப் போனான். வழியெல்லாம் மேக் புராணம்.

கடைக்காரர் துரைராஜ் திரையின் அழகை வர்ணித்தார். "திரையை அணைச்சிட்டுக் காட்டுங்க" என்றேன்.

"அணைச்சா என்னம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியறது உங்களுக்கும் தெரியும்."

ஹம்மாத்தை மேக் முன்னால் உட்கார வைத்தேன். "கண்ண மூடிக்கோ. தமிழ்ல ஒரு வரி எழுதி சேவ் பண்ணு." அவன் எங்கெங்கோ தட்டினான். டிங் டிங்கென்று ஏதோ ஒலித்தது. எழுத்து வரவில்லை. மேக் மேல் குற்றம் இல்லை. அதை வைத்து வேலை செய்கிற பார்வையற்றவர்களை எனக்குத் தெரியும். பார்க்காமல் ஒரு வரி எழுதத் தெரியாதவன் எனக்குச் சிபாரிசு செய்ய வந்தானே, அதுதான் குற்றம். திரும்பும் வழியில் மேக் புராணம் இல்லை. சுகமாக இருந்தது.

விண்டோஸ் பதினொன்று வாங்கினேன். அதன் மேல் எனக்குப் பாசம் கிடையாது. என் விரல்களுக்கு அதில் வழி தெரியும், அவ்வளவுதான்.

அக்டோபர் 26, ஞாயிறு

டெரிக் பாஸ்வேர்டு கேட்டான். சொல்லவில்லை.

நவம்பர் 8, சனி

ஒரே வீடு. காபி, உப்பு, கேஸ் தவிர வேறு பேச்சில்லை. அவனாக ஒருமுறை, "நல்லதுக்குத்தானே பண்ணேன்" என்றான். அதுதான் இன்னும் எரிகிறது.

நவம்பர் 23, ஞாயிறு

மதியம் டெரிக் கதவைத் தட்டினான். இந்த அறைக் கதவை அவன் தட்டி நான் கேட்டதே இல்லை.

"அக்கா, ஒரு பிரின்ட் எடுக்கணும். உன் கம்ப்யூட்டர்ல எடுத்துக்கட்டுமா?" குரல் வாசலிலிருந்தே வந்தது. உள்ளே கால் வைக்கவில்லை.

ஃபைலை அனுப்பச் சொன்னேன். நானே எடுத்துத் தாளை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். போகவில்லை.

"உள்ள வரட்டுமா?"

"வேலை இருக்கு" என்றேன்.

உண்மையாகவே இருந்தது. ஸ்நேஹா வெள்ளிக்கிழமை ஒன்பது பதிவுகள் அனுப்பியிருக்கிறாள்.