பட்டிமன்றத்தில் நான் மறைத்தது

அன்புள்ள அம்மாவுக்கு சத்யப்பிரியா எழுதுவது. உன் முட்டிவலி தேவலையா? குழந்தை இலக்கியா ராத்திரியில் ‘அம்மா எங்கே’ என்று கேட்டு அழுகிறாளா? பெங்களூரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். எங்கள் சேட்டிலைட் கம்பெனியில் பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். ஏழைகள் உள்ள நாட்டுக்கு விண்வெளிச் செலவு தேவையா என்பது தலைப்பு. தேவை என்று பேசினேன்.

“புயல் வருதுன்னு சேட்டிலைட் சொல்லலன்னா கடலூர்ல எங்கம்மா இன்னிக்கி உசுரோட இல்ல” என்றேன். ஒரே கைதட்டல். முதல் பரிசும் எனக்குத்தான்.

அந்தப் புயலுக்கு முன்பே உங்களைக் கொண்டுபோய் வைத்த முகாமில் கக்கூஸுக்குக் கதவில்லாமல் நீ இரண்டு நாள் தண்ணீரே குடிக்காமல் கிடந்ததை மட்டும் சொல்லவில்லை. “அத வெளிய சொல்லாதடி, அசிங்கம்” என்றாயே, அதற்காக இல்லை. சொன்னால் எதிரணி ஜெயித்துவிடும் என்றுதான் மறைத்தேன்.

சேட்டிலைட் வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அடுத்த புயலையும் நாங்கள் முன்கூட்டியே சொல்லுவோம், நீயும் அதே முகாமுக்குத்தான் போவாய்.

இன்னும் நீர்க்கடுப்பு இருந்தால் மறைக்காமல் சிதம்பரம் போய் டாக்டரம்மாவைப் பார். இலக்கியா பேச மாட்டேன் என்றால் திட்டாதே. போனை அவள் பக்கத்தில் வைத்துவிடு, விளையாடுகிற சத்தம் கேட்டால் போதும்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. நான் பேசிய வீடியோவைத் தம்பி சிலம்பரசன் கொண்டுவந்து காட்டுவான். பார்த்துப் பெருமைப்படாதே அம்மா.

உன் மகள்,
சத்யா