ஐம்பத்தொன்றுக்கு அடுத்து

மலா ரகித்தா, நவம்பர்

அன்பு மகள் நெவேனாவுக்கு அப்பா எழுதுவது. ஸ்பெயினில் நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே?

ஆமாம், நானேதான் எழுதுகிறேன்! இதுவரை நான் சொல்லச் சொல்ல அம்மாதானே எழுதுவாள். கோடைக்குப் பிறகு அவளால் பேனா பிடிக்க முடியவில்லை. அதனால் ஊர்ப் படிப்பகத்தில் முதியோர் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சிறுவயதிலிருந்தே ஆட்டின் பின்னால் போனவனுக்கு எழுத்து லேசில் வரவில்லை. ஆனால் வந்துவிட்டது, பார்!

இப்போது எண்வரிசை நடக்கிறது. கலபினா டீச்சர் பலகையில் 2, 4, 6 என்று எழுதி அடுத்தது என்ன என்று கேட்டார். என்னோடு படிக்கும் மெத்தோதி சிலுவை போட்டுக்கொண்டு, "டீச்சரம்மா, ரெட்டைப்படையில பூ கொண்டுபோறது சாவு வீட்டுக்குத்தான். எட்டுன்னு சொன்னா யார் சவப்பெட்டியில வைப்பீங்க? முன்பெஞ்சுல நான்தான் உக்காந்திருக்கேன்!" என்றான். டீச்சர் சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு 1, 3, 5 என்று எழுதினார். ஏழு என்று முதலில் கத்தியது உன் அப்பா!

வரிசை பிடிபடாவிட்டால், பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசத்தைக் கீழே எழுதிப் பார்க்கச் சொன்னார். அன்றிலிருந்து எந்த எண்ணையும் நான் சும்மா விடுவதில்லை.

நர்ஸ் மாதத்தின் முதல் திங்களன்று வந்து அம்மாவை எடை பார்க்கிறாள். ஆகஸ்டில் அறுபது கிலோ. பிறகு 59, 56, இந்த மாதம் 51. குறைந்ததைக் கீழே எழுதினேன்: 1, 3, 5. எல்லாம் ஒற்றைப்படை, உயிரோடிருப்பவர்களின் எண்கள் என்று கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டேன், மகளே. பிறகுதான் அடுத்ததைப் போட்டேன். ஏழு. டிசம்பரில் 44. அதற்கடுத்து 35. அதற்கு மேல் எழுதவில்லை.

டீச்சரிடம் காட்டினேன். "மனுஷ ஒடம்பு பலகைக் கணக்கு மாதிரி போகாதுங்கய்யா" என்றார். நர்ஸிடமும் காட்டினேன். அவள் தப்பு என்று சொல்லவில்லை. "பெரியவரே, ஒங்க பொண்ணு எப்ப வருது?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா படுக்கையிலிருந்து, "என்ன கிழவா, நாவலா எழுதுற? எனக்கு ஒண்ணுமில்ல, டிக்கெட்டுக்குக் காசைக் கொட்டாம ஈஸ்டருக்கு வந்தாப் போதும்னு எழுது" என்கிறாள். எழுதிவிட்டேன். கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்கிறாள். எடைக் கணக்கு வரும் இடத்தை விட்டுவிட்டு வாசிப்பேன். அவளும் எனக்கு உன் கடிதங்களை இத்தனை வருஷம் இப்படித்தான் வாசித்தாளோ என்னவோ.

ஈஸ்டருக்குக் காத்திராதே, கண்ணு. டிசம்பரின் முதல் திங்கட்கிழமைக்கு முன்னால் வா. தேவமாதா உன்னைப் பத்திரமாக, சீக்கிரமாக வீடு சேர்க்கட்டும்.

தன் பெயரைத் தானே எழுதும்
உன் அப்பா,
ராடோய்