இருபத்தொரு இழைப் பட்டணம்

மச்சாள்,

இன்று காலை கோயிலில் காப்பு அவிழ்த்தார்கள். இருபத்தொரு நாள் இடது மணிக்கட்டில் கிடந்த நூல் போனபின் கை யாருடையதோ போல இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த போன வருஷக் காப்பை எடுத்தேன். மஞ்சள் வெளுத்துவிட்டது. மூக்கோடு வைத்தால் மட்டும் மணம் இன்னும் இருக்கிறது. ஈர நூலும் மஞ்சளும் கோயில் மண்டபத்துத் தூவானமும் கலந்த மணம். அது வந்தவுடன் எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று பிறகு சொல்கிறேன். கதைக்கத் தெரியாதவள் எழுதத்தானே வேண்டும். ஆறாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்து. பிழை இருந்தால் சிரிக்காதே.

பிள்ளையார் கதை விரதம் முடிந்தால் காப்பைக் கோயிலிலேயே கொடுத்துவிட வேண்டும். போன வருஷம் நாம் இரண்டு பேரும் கொடுக்கவில்லை. "வேலை முடியேல்லை. இதைக் குடுத்திடாதை" என்று என் காதுக்குள் சொன்னாய். நூலைச் சுருட்டி இடுப்பில் செருகினாய். நானும் செருகினேன். நீ செய்வதைச் செய்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

பெரியபிள்ளையானபின் நான் படலைக்கு வெளியே கால் வைத்தது கோயிலுக்கு மட்டும். பள்ளிக்கூடம் போகாமல் மறித்தபோதுகூட நான் ஒன்றும் கேட்கவில்லை. புத்தகங்களைத் துணியில் கட்டிப் பரணில் வைத்தேன், அவ்வளவுதான். நீ அப்படியா? உன் ஐயா, என் அம்மான், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த காலம் முழுவதும் பட்டணத்தில் வளர்ந்தவள். அம்மான் செத்து, மாமியும் நீயும் எங்கள் பக்கத்து வளவுக்கு வந்து ஒரு கிழமை ஆகவில்லை, இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த ஓலை வேலியில் பொட்டு ஒன்று வந்துவிட்டது. குனிந்து, தலையில் ஓலைத் தும்போடு அதற்குள்ளால் வருவாய். "படலை எண்டு ஒண்டு கிடக்குது பிள்ளை. நாய் வாற வழியாலை ஏன் வாறாய்?" என்று அம்மா கேட்டால், "நாய்க்கு விளங்கினது உங்களுக்கு விளங்கேல்லையே, மாமி. இதுதான் கிட்ட" என்பாய். அம்மா சிரிப்பார். எங்கள் வீட்டில் அம்மாவைச் சிரிக்க வைத்தது நீ ஒருத்திதான்.

கொக்குவில் ஸ்ரேசனில் கோச்சி ஏறினால் இருக்கையில் சரியாக இருப்பதற்குள் பட்டணம் வந்துவிடும் என்று சொல்வாய். எனக்கு அது சிங்கப்பூர் போல. அதனால்தான் கோயில் மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் நாம் இருந்த அந்த நாட்களில், முன்னால் பிள்ளையார் கதை ஒன்று நடந்தது, பின்னால் உன் கதை ஒன்று நடந்தது. மழை ஓட்டில் அடிக்கும். வாசிப்பவரின் குரல் ஏறி இறங்கும். நீ என் கையை இழுத்து மடியில் வைத்து, காப்பின் ஓர் இழையை நகத்தால் பிரித்துப் பிடிப்பாய்.

"இருவத்தொரு இழை. மார்கழியிலை பட்டணத்திலை செய்யிறதுக்கு இருவத்தொரு வேலை. ஒண்டு செய்தால் ஒரு இழையை உருவலாம்."

"சாமிக் குற்றம்" என்றேன்.

"பிள்ளையாருக்கு ஊர் சுத்தப் பிடிக்காதெண்டு ஆர் சொன்னது?"

எத்தனையாவது இழைக்கு எந்த வேலை என்று இப்போது எனக்கு ஒழுங்காக நினைவில்லை. வாடைக்காற்று அடிக்கும்போது பண்ணைக் கடலுக்கு முன்னால் நின்று குடையை விரித்து, அது எப்படி மறுபக்கம் புரள்கிறது என்று பார்ப்பது. அதற்கென்று உதவாத குடை ஒன்றை மாமியின் கண்ணில் படாமல் எடுத்து வைத்திருந்தாய். மழைக்கு நிரம்பிய கோட்டை அகழியில் கல்லெறிந்து தவளை பாய்வதை எண்ணுவது. வேதக்காரரின் நத்தார் கிட்டும்போது பேக்கரி வாசலில் பாண் மணத்துக்குச் சும்மா நிற்பது. கடைக்காரன் 'என்ன வேணும்' என்று கேட்டால் 'யோசிக்கிறம்' என்று சொல்வது. படம் பிடிக்கிற கடையின் கண்ணாடிக்குள் இருக்கும் கலியாணப் படங்களில் எந்தப் பொம்பிளை வடிவு என்று சண்டை பிடிப்பது. வாசிகசாலைக்குப் போய், பெடியங்களுக்கு நடுவில் கதிரையில் இருந்து பேப்பர் விரிப்பது. "படிக்கத் தேவையில்லை, விரிச்சால் காணும்" என்றாய். அதைக் கேட்டே எனக்கு வேர்த்தது.

முதல் இழைக்குரியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பெரியகடை முடக்கில் மணலில் வறுக்கும் கச்சான் கடலையைச் சுடச்சுட வாங்கி, கடதாசிச் சுருளை இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டு நடப்பது. கை சூடாகும்வரை ஒன்றுகூடத் தின்னக்கூடாது. "விரதகாரருக்கெண்டே செய்த வேலை" என்றாய். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன்னால் இருந்த மனுசி திரும்பினார்.

"என்னடி பிள்ளையள், பிள்ளையார் கதை கேக்கிறியளோ, உங்கடை கதை கேக்கிறியளோ?"

"ரெண்டிலையும் பட்டணம் வருகுது, அக்கா" என்றாய். நான் தூணுக்குள் போய்விட முடியுமா என்று பார்த்தேன்.

விரதத்தின் பதினெட்டாம் நாள் மாமி பட்டணத்தில் இருக்கும் தமக்கையைப் பார்க்கப் போவதாக இருந்தது. காலைக் கோச்சியில் போய், மத்தியானத்துக்குள் திரும்புவது. நம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போக மாமி சம்மதித்துவிட்டார். என் அம்மாவிடம் கேட்பது ஒன்றுதான் பாக்கி.

"நீதான் கேக்கவேணும். நான் கேட்டால் உன்னை நான்தான் கெடுக்கிறன் எண்டு நினைப்பா" என்றாய். மூன்று நாள் இருந்தது.

முதல் நாள் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். துருவி முடித்தார். சிரட்டையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன். இரண்டாம் நாள் கிணற்றடியில் "அம்மா" என்று கூப்பிட்டும்விட்டேன். "என்ன பிள்ளை?" என்றார். "வாளிக் கயிறு இத்துப்போச்சு" என்றேன். மூன்றாம் நாள் அவருக்குப் பின்னால் அடுக்களைக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடந்து நடந்து கால் உளைந்தது. "என்ன பிள்ளை, பூனைக்குட்டி மாதிரி?" என்று கேட்டார். அம்மா ஒருநாளும் எனக்கு அடித்தவர் அல்ல. பயப்பட ஒன்றுமே இல்லை. வசனம் முழுவதும் வாய்க்குள் இருந்தது. வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் விடிய நீ பொட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாய். இரட்டைப் பின்னல், கக்கத்தில் அந்தப் பழைய குடை. குளிருக்குத் தோள் குறுகியிருந்தது.

"கேட்டனியோ?"

"ஓம்."

"என்னவாம்?"

"அம்மா விடமாட்டாவாம்."

எப்படி அவ்வளவு இலகுவாக வந்தது? மூன்று நாளாக வராத வாய், பொய்க்கு மட்டும் அரை நொடியில் திறந்தது. நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு குடையை வேலியில் கொழுவினாய்.

"அப்ப நானும் போகேல்லை. அடுத்த மார்கழிக்குப் போவம். பட்டணம் எங்கை ஓடப்போகுது?"

பட்டணம் ஓடவில்லை. மாசியில் உனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. பதினொரு நாள். ஒட்டிவிடும் என்று என்னைக் கிட்ட விடவில்லை. நானும் விடுங்கோ என்று கேட்கவில்லை.

சித்திரையில் வேலி அடைத்தார்கள். புது ஓலை வைத்தபோது பொட்டையும் சேர்த்து அடைக்கச் சொல்லி மாமி சொல்லிவிட்டார். கட்டியவன் எங்கள் பக்கம் நின்று நாரை இறுக்கினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பின் மாமி எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. "பிள்ளையும் போட்டுது, மனுசிக்கு ஆரோடையும் கதைக்க மனமில்லை, விடு" என்று அம்மா சொல்வார். எனக்குத்தான் காரணம் தெரியும் என்று நினைத்திருந்தேன். தன் மகளின் கடைசி மார்கழியில் ஒரு நாள் பட்டணம் போகவிடாமல் செய்தது என் அம்மா என்று மாமி நினைக்கிறார் என்று. அம்மாவுக்கு அப்படி ஒரு வழக்கு இருப்பதே தெரியாது. நடுவில் நான். ஒரு வசனம் சொன்னால் தீரும். பத்து மாதமாகச் சொல்லவில்லை.

போன கிழமை பொங்கலுக்குப் புடவை எடுக்கவென்று ஐயா வண்டில் பூட்டினார். அம்மாவும் நானும். நான் பட்டணம் போனேன் மச்சாள். போனது என்று சொல்லலாமோ தெரியவில்லை. கூடாரத்துக்கு முன்னும் பின்னும் சீலை தொங்கவிட்டிருந்தது. வழி முழுக்கச் சீலை இடுக்கால் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெரியகடையில் வண்டிலை ஒரு சுவரோடு நிறுத்திவிட்டு ஐயா கடைக்குள் போனார். எனக்கு முன்னால் பாசி பிடித்த சுவர். சுவருக்கு மேலால் பட்டணம் கேட்டுக்கொண்டிருந்தது. சைக்கிள் மணி, யாரோ யாரையோ ஏசுவது, மணிக்கூட்டுக் கோபுரம் பத்தடிப்பது. அப்போது வறுத்த கச்சான் மணம் வந்தது. மணல் சூட்டோடு, சீலைக்குள்ளால்.

"அம்மா, நான் இறங்கவேணும்" என்றேன்.

"ஏன்?"

"கச்சான் வாங்க."

"இண்டைக்கு விரதமெல்லே?"

"தின்னேல்லை. கைக்குள்ளை வைச்சிருக்க."

அம்மா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு சதம் எடுத்தார். "இறங்கு. சேத்துக்குள்ளை மிதியாதை."

அவ்வளவுதான் மச்சாள். அவ்வளவுதான். நான் ஒரு காலை வெளியே வைத்திருக்கும்போது பின்னால் அம்மா சொன்னார்: "உனக்கு ஆசையெண்டு தெரிஞ்சிருந்தால் போன வருஷம் மாமி போகேக்கை அனுப்பியிருப்பன். நீதான் ஒண்டும் வாய் திறக்கிறேல்லையே."

கச்சான்காரன் தாச்சியைக் கிண்டிக்கொண்டு என்ன வேண்டும் என்று இரண்டு தரம் கேட்டதாக அம்மா பிறகு சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. சுருள் சுட்டது. பொத்திப் பிடித்துக்கொண்டு, முடக்கிலிருந்து வண்டில் வரைக்கும் நடந்தேன். பதினைந்து அடி இருக்கும். எனக்குக் கிடைத்த பட்டணம் அவ்வளவு.

அந்தச் சுருளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த நாள் காலை, பொட்டு இல்லாதபடியால் ஒழுங்கையால் சுற்றி மாமி வீட்டுப் படலையைத் திறந்தேன். மாமி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். இருந்தால் எழும்பி ஓடிவிடுவேன் என்று தெரியும்.

"மாமி, போன வருஷம் அம்மா மறுக்கேல்லை. நான் கேக்கவே இல்லை. பொய் சொன்னனான்."

சுளகு நிற்கவில்லை. "அது அவளுக்குத் தெரியும்" என்றார்.

"என்ன மாமி?"

"அண்டைக்கே தெரியும். உள்ளுக்கு வந்து சிரிச்சவள். 'உவள் கேக்கேல்லை அம்மா, முகத்திலை எழுதிக் கிடக்கு. நான் போனால் வருஷம் முழுக்க இருந்து அழுவாள். அடுத்த முறை வாயைத் திறப்பாள், பாருங்கோ' எண்டவள்."

"அப்ப பொட்டு?"

மாமி கல் ஒன்றைப் பொறுக்கி எறிந்தார். "அதைப் பார்த்தால் அவள் குனிஞ்சு வாற மாதிரிக் கிடந்தது. அதுதான் அடைப்பிச்சனான். கொம்மாவோடை எனக்கென்ன கோவம்?" பிறகு என் கையில் இருந்த சுருளைக் கேட்டு வாங்கி, ஒன்றை உடைத்து வாயில் போட்டார். "ஆறிப்போச்சு" என்றார்.

இப்போது சொல்கிறேன், கோபம் உன்னில்தான். தெரிந்துகொண்டு ஏன் போகாமல் நின்றாய்? போயிருக்கலாமே. குடையைப் புரட்டியிருக்கலாமே. ஒருத்தி அழுவாள் என்றால் அழட்டும் என்று விடவேண்டியதுதானே. தெரியும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அன்றைக்கே அம்மாவிடம் ஓடிக் கேட்டிருப்பேனோ என்னவோ. கேட்டிருக்கமாட்டேன் என்று நீ சொல்வாய். அதுவும் சரிதான். அதுதான் இன்னும் எரிச்சல். உன்னோடு சண்டை பிடிக்க வேண்டும் போல இருக்கிறது. பிடிக்கவும் வழியில்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டாய். "வாய் என்னத்துக்கு, சோறு தின்ன மட்டுமோ?" என்று என்னை எத்தனை தரம் கேட்டிருப்பாய். உன் வாயும் அன்றைக்குத் திறக்கவில்லையே.

பழைய காப்பில் ஓர் இழையை இன்று உருவினேன். முறுக்கு இறுகி வரமாட்டேன் என்றது. பல்லால் கடித்து இழுத்தேன். மிச்சம் இருபது பெட்டிக்குள் இருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் ஐயா செருப்பைக் கழற்றும்போது முன்னால் போய் நின்று, பண்ணைக் கடலடிக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டேன். குரல் வந்துவிட்டது. ஐயா செருப்பைத் தட்டி ஓரமாக வைத்துவிட்டு, "பாப்பம்" என்றார். எங்கள் வீட்டில் பாப்பம் என்றால் இல்லை என்று உனக்குத் தெரியும்.

நாளைக்கும் கேட்பேன்.