யாழினி உட்கார்ந்த மடி

என் அன்பு அக்கா,

ஞாயிற்றுக்கிழமை உன் பேத்தி யாழினிக்குக் காது குத்தினோம், முத்தியால்பேட்டையில் நம் தெருக் கோயில் மண்டபத்தில். நீ இருந்திருந்தால் பாதிப் பேர் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

நீ கண்ணை மூடும்போது உன் மகள் கவிதா மாசமாக இருந்தாள். குழந்தை பிறந்த பிறகு அவளும் அவள் கணவனும் பிரிந்துவிட்டார்கள். இப்போது லாஸ்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில், உடன் வேலை பார்க்கும் ரோஸ்லினோடு இருக்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஸ்கூட்டரை எடுப்பவள் ரோஸ்லின்தான். நம் சொந்தத்தில் ஒருவரும் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை.

காதுகுத்து என்றதும் எல்லோரும் வந்துவிட்டார்கள். தாய்மாமன் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும்? நீ கவிதாவோடு நிறுத்திக்கொண்டாய். அன்றைக்கு உன்னைக் கெட்டிக்காரி என்று மெச்சியவர்கள்தான் இன்றைக்கு மாமன் எங்கே என்கிறார்கள். எங்கிருந்து கொண்டுவருவது, அக்கா?

ரோஸ்லின் மடியில் உட்கார வைக்கப்போவதாகக் கவிதா சொன்னாள். நம் பெரியப்பா மகள் லட்சுமிக்கு முகம் மாறிவிட்டது.

"பொம்பளய மாமன் எடத்துல உக்கார வச்சா ஊரு சிரிக்காது? அதுவும் சர்ச்சுக்குப் போற பொண்ண?"

"ஊரு என்னிக்குப் பெரிம்மா எம்புள்ளைக்குப் பால் ஆத்துச்சு?"

"வாய் மட்டும் அப்படியே உங்கம்மா. எம்புள்ள தினேஷ் இருக்கான்டி. உனக்கு அண்ணன். அவன்தான் மொற."

தினேஷ் நல்ல பையன்தான். ஆனால் குழந்தையின் பெயரையே மண்டபத்துக்கு வந்துதான் கேட்டான்.

"விடு கவி, சண்ட வேணாம். நான் வெளிய நிக்கறேன்" என்று ரோஸ்லின் எழுந்து போனாள்.

தினேஷ் மடியில் ஒரு காது குத்தியாயிற்று. பிறகு குழந்தை வீறிட்டு உதைத்த உதையில் ஆசாரி கையை எடுத்துவிட்டார். "இறுக்கிப் புடிடா!" என்றாள் லட்சுமி.

எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே போய் ரோஸ்லினைக் கையோடு அழைத்து வந்தேன். "முறைதானே கேக்கறீங்க? கவிதாவுக்குத் தாய்மாமன் நான். நான் சொல்றேன், இவ உக்காரட்டும்" என்றேன். தினேஷ் தப்பித்தோம் என்று எழுந்தான். மறு காது ரோஸ்லின் மடியில்தான் குத்தினார்கள். குழந்தை அழுதது, ஆனால் திமிறவில்லை.

லட்சுமி சாப்பிடாமலே போய்விட்டாள். மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினேஷ் மடியில் யாழினி இருக்கும் படம் வந்தது. 'மாமன் மடியில் மருமகள்' என்று கீழே எழுதியிருந்தார்கள். மறு காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காலமெல்லாம் பத்திரிகையில் செய்தி எழுதியவன் நான். பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது என்ன வேலை என்று எனக்குத் தெரியாதா?

அதைப் பார்த்துவிட்டு, "என்னால உனக்குச் சொந்தம் போவுது. நான் வேற எடம் பாத்துக்கவா?" என்று ரோஸ்லின் கேட்டாளாம். கவிதா போனில் அழுதாள். எனக்கு ஆத்திரமே இதில்தான். ஒரு நாள் வந்து முறை பேசிவிட்டுப் போகிறவர்களால், தினமும் பிள்ளையைத் தூக்குகிறவள் போய்விட்டால் அந்த வீட்டில் யார் மிச்சம்? தனியாகப் பிள்ளை வளர்க்கிறவளுக்கு நம் முறையெல்லாம் எதற்கு?

நாளைக் காலை லாஸ்பேட்டை போகிறேன். இருப்பதும் போவதும் ரோஸ்லின் விருப்பம். ஆனால் உன் பேத்தியின் எந்த விசேஷத்திலும் அவள் இனி வெளியே நிற்க மாட்டாள். நான் உள்ளவரை இது நடக்கும், அக்கா. இதை அவளிடமும் சொல்லப்போகிறேன், லட்சுமியிடமும் சொல்லப்போகிறேன்.

உன் தம்பி,
உன் மகளுக்கு இருக்கும் ஒரே தாய்மாமன்