பதினேழாம் கேள்வி

ஆனையூர்,
8.2.1984

அன்புள்ள முத்துத்தாய்க்கு,

நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ தேறி வருகிறாய் என்று டாக்டரம்மா நஜ்முன்னிசாவே சொன்னார். சந்தோஷம்.

சிறுமலைப் பளியர் பெண்கள் நாற்பது பேரிடமும் எங்கள் பக்கத்துப் பெண்கள் நாற்பது பேரிடமும் அந்தம்மா கேள்வி கேட்டு ஃபாரம் நிரப்பினாரே, சின்ன வயதில் பட்டது பிறகு உடம்பை என்ன செய்கிறது என்று. அதன் முடிவு வந்துவிட்டது. மலைப் பெண்களில் முப்பத்தொரு பேர் அடிபட்டு வளர்ந்தவர்கள். எங்களில் ஒருத்திகூட இல்லை. எங்கள் நோய்க்கெல்லாம் காரணம் வாயு என்று தெரிகிறது.

உனக்கும் எனக்கும் ஒரே இடது காது, ஒரே சீழ், ஒரே தலைவலி. ஆம்பிள்ளை யாராவது தொண்டையைச் செருமினால் இருவர் கையும் தானாகக் காதைப் பொத்துகிறது. ஆனால் ‘ஆம்’ சொன்னவர்களுக்குத்தான் வைத்தியமாம். உனக்கு எக்ஸ்ரே, ஆபரேஷன், வந்து போக பஸ் செலவு. எனக்கு ஒரு பாட்டில் ஓம வாட்டர். எட்டு வயதில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டிலில் வேலைக்கு வந்தவளுக்கு இம்புட்டு யோகம் இருக்கும் என்று யார் கண்டது.

எங்கய்யா பெயரை ஃபாரத்தில் சொன்னாயா? அதை மட்டும் எழுது.

ஜெயக்கொடி

சிறுமலை,
15.2.1984

ஜெயக்கொடி அக்காவுக்கு முத்துத்தாய் எழுதுவது.

உங்கள் கடிதத்தை டீச்சரிடம் கொடுக்காமல் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு நாள் ஆனது. கோபம் முழுசாகப் புரிந்தது.

பெயரைச் சொன்னேன். ‘சின்ன வயதில் உங்களை யாராவது அடித்ததுண்டா’ என்பது பதினேழாவது கேள்வி. மாட்டுக் கயிறு, விறகுக்கட்டை, பெரியவர் கை, எல்லாம் சொன்னேன். அந்தம்மா அச்சச்சோ என்று உச்சுக்கொட்டாமல் எழுதிக்கொண்டார். அதனால் மிச்சத்தையும் சொன்னேன்.

உங்களிடமும் அதைக் கேட்டிருப்பாரே. நீங்கள் என்ன சொன்னீர்கள்?

முத்துத்தாய்

ஆனையூர்,
20.2.1984

முத்துத்தாய்க்கு,

இல்லை என்றேன். வேறென்ன சொல்ல? கோச்சடையில் அய்யா கட்டிய வீட்டுக் கூடத்தில் வைத்துக் கேட்டார்கள். சுவரில் மாலையோடு அய்யா. எதிரே நாற்காலியில், கப்பலூர்ப் பட்டறைக்கு அன்று விடுமுறை விட்டுவிட்டு, என் அண்ணன் காசிமாயன். நாற்பது பேருக்கும் அவனே காபி கொடுத்து உபசரித்தான். நாற்பது பெண்கள் அடியே படாமல் வளர்ந்த அதிசயம் இப்படித்தான் நடந்தது. பெற்ற அப்பன் அடித்தால் எங்களில் அதற்கு வளர்ப்பு என்று பெயர்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். பால் சிந்திய அன்று நம் இருவருக்கும் காதோடு சேர்த்து அறை விழுந்தது. அம்மா உன்னை மடியில் கிடத்தி மஞ்சள் அரைத்துப் போட்டாள். நீ மலைக்கு ஓடிவிடுவாய் என்று பயம். நான் எங்கே ஓடப்போகிறேன்? என் காதை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த மஞ்சளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உன்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

டாக்டரம்மா மார்ச் ஆறாம் தேதி மறுபடி வருகிறார். திருத்தம் இருந்தால் சொல்லலாம், அதோடு சரி. இனியும் விட்டால் சீழ் எலும்புக்குள் போய்விடும் என்கிறார்கள். அய்யா என்னையும் அடித்தார் என்று அவரிடம் நீ ஒரு வார்த்தை சொல். நான் சொன்னதாக ஆகாது.

ஜெயக்கொடி

சிறுமலை,
27.2.1984

அக்காவுக்கு,

மாட்டேன். அந்த வீட்டில் வேறு யாருக்கும் அடி விழுந்ததா என்று அந்தம்மா என்னிடம் முன்னமே கேட்டார். எனக்கு விழுந்ததை நான் சொல்கிறேன், மற்றவர்களுக்கு விழுந்ததை அவர்களிடமே கேளுங்கள் என்றேன். உங்களுக்காகவும் அதை மாற்றமாட்டேன்.

மஞ்சள் காய்வதற்குள் என்னைச் சாணி அள்ள அனுப்பிவிட்டார்கள். நீங்கள் கூடத்தில் இலை போட்டுச் சாப்பிட்டீர்கள். கதவிடுக்கில் நின்று பார்த்து வயிறெரிந்தேன். நீங்கள் வலது பக்கமாகவே மென்றீர்கள். அதையும் பார்த்தேன்.

ஆறாம் தேதி போங்கள், அக்கா.

முத்துத்தாய்

ஆனையூர்,
7.3.1984

அன்புள்ள முத்துத்தாய்க்கு,

நேற்று சொல்லிவிட்டேன். அதே கூடம், அதே நாற்காலி, அதே அண்ணன். பதினேழாம் கேள்விக்கு ஆம் என்றேன். காசிமாயன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“என்ன பேசுற நீ? அய்யா உன்னையவா அடிச்சாரு?”

“ஆமாண்ணே. நீ பாத்துக்கிட்டுத்தான் இருந்த.”

எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். நாற்காலி காலியானதும் எங்கள் நாற்பது பேரில் செல்லத்தாய் தன் ஃபாரத்தைத் திரும்பக் கேட்டாள். பிறகு சீனியம்மாள். சாயங்காலத்துக்குள் எட்டுப் பேருக்கு வாயு தீர்ந்தது.

எல்லோரும் போன பிறகு காசிமாயன் உள்ளே வந்தான். ஆம்பிள்ளைகளுக்கு இந்த ஃபாரம் கிடையாதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டான். கிடையாது என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே, “தங்கச்சியவிட எனக்குத்தான் அடி சாஸ்தி” என்றான். நாற்பது வயதில் முதல்முறையாக வாயைத் திறந்து ஒன்றைச் சொல்கிறேன், அதிலும் இவனுக்குத்தான் பெரிய பங்கு வேண்டுமாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவன் அழுதுகொண்டிருந்ததால் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை என்னைக் காது ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். உனக்கும் அன்றைக்குத்தான் கடைசிக் கட்டைப் பிரிக்கிறார்களாம். சீட்டு வாங்கும் வரிசையில் நீ எனக்கு முன்னால் நின்றால் எனக்குப் பொறுக்காது. பின்னால் நின்றால் எனக்கு நன்றாக இராது. பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருக்கிறேன், சேர்ந்தே போய்விடுவோம்.

ஜெயக்கொடி