ஏற முடியாதவர்கள்

மார்ச் 4

எங்கள் துறையில் யாருக்கும் நோயாளிகளைப் பிடிக்காது, நோயைத்தான் பிடிக்கும்.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி: பஞ்சாலைத் தூசி நுரையீரலைக் கெடுக்கிறதா? ஆண்டுதோறும் அதே தொழிலாளிகள் எங்கள் மூன்றாவது மாடி ஆய்வகத்துக்கு வந்து மூச்சளக்கும் கருவியில் ஊத வேண்டும். இந்த ஆண்டும் வந்தவர்கள் நன்றாகவே ஊதினார்கள். வழிகாட்டிக்கு வாயெல்லாம் பல். "தூசியால பாதிப்பு இல்லைன்னு எழுதிடும்மா. ஆலையிலயும் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

வராதவர்களுக்கு எங்கள் பாஷையில் ஒரு பெயர் உண்டு: "விலகியவர்கள்".

மார்ச் 5

அம்மா போனில்: "இன்னும் படிச்சு முடியலையா? கேக்குறவங்களுக்கு நான் என்னடி சொல்றது?"

சாப்பிட்டேன் என்று பேச்சை மாற்றினேன்.

மார்ச் 9

விலகியவர்களில் ஒருவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். விசிலக்கா. மூச்சு விசிலடிப்பதால் ஆலையில் வைத்த பெயர்.

"ஏன்க்கா, இந்த வருஷம் வரல?"

"வந்தேனே, பாதி டாக்டரு! ரெண்டு மாடி ஏறிட்டேன். மூச்சு கீழயே நின்னுக்கிட்டு வரமாட்டேன்னுடுச்சு. அப்புறம் எறங்கிப் போய் அதைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

நானும் சிரித்தேன். தெருமுனை வரைக்கும்.

ஐயோ! மாடி ஏற முடிஞ்சவங்களை மட்டும்தானே இத்தனை நாளா அளந்திருக்கோம்?

மார்ச் 10

வழிகாட்டியிடம் சொன்னேன். பாதிப்பு இல்லை என்று எழுதினால் ஆலை முகக்கவசம்கூடத் தராது என்றும் சொன்னேன். தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "உனக்குப் பட்டம் வேணுமா, போராட்டம் வேணுமா?"

பக்கத்து மேசைத் தோழி திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. மதியம் தனியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 17

கருவியைத் தூக்கிக்கொண்டு விலகியவர்களின் வீடுகளுக்கே போகிறேன். விசிலக்கா முகம் சிவக்க ஊதினார். திரையில் கோடு எழும்பவே இல்லை.

"பாஸா?" என்றார்.



மார்ச் 18

பேச ஆளில்லை.

ஏப்ரல் 2

என் மேசையைப் படிக்கட்டுக்குக் கீழே போட்டுவிட்டார்கள். இடம் போதவில்லையாம். தலைக்கு மேல் ஏறி இறங்கும் செருப்புச் சத்தம்தான் துணை. யாருடைய செருப்பு என்பதுகூடப் பழகிவிட்டது.

இன்று காலை வழிகாட்டியின் செருப்பு. எழுந்து நின்று கத்தினேன்.

"சார்! 'விலகியவங்க' இல்ல, 'ஏற முடியாதவங்க'. ஆய்வேட்டுல அப்படிப் போட்டுக் கையெழுத்துப் போடுங்க, சார்!"

செருப்புச் சத்தம் நிற்கவில்லை. மேலே போய்க்கொண்டே இருந்தது.