அலமாரியில் பூட்டிய ஊசி

அன்புள்ள மகள் ஜின்சிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று எப்போதும் வாய்ப்பாடாக எழுதுவேன், இந்தத் தடவை நிஜமாகவே சுகமாக்கும், ஏனென்றால் போன செவ்வாய்க்கிழமை நான் சாகக் கிடந்தேன். பயப்படாதே, செத்தவள் கடிதம் எழுதமாட்டாள்.

ரப்பர் தளிர்த்து, தோட்டத்துத் தேனீப் பெட்டிகளே கதி என்று உன் அப்பாவுக்குத் தேன் பித்துப் பிடிக்கிற மாதம் இது. கொடியில் காய்ந்த நைட்டியை எடுத்து மாட்டினேன், உள்ளே இருந்த தேனீ கழுத்தில் ஒன்று வைத்தது. கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விசிலடிக்கிறது. அப்பா சுண்ணாம்பு டப்பாவோடு வந்து, என்னை எத்தனை குத்தியிருக்கு, ஒண்ணும் ஆவாது ஆக்கும் என்கிறார். நான் அலமாரியைக் கைகாட்டுகிறேன். முன்பு ஒரு குத்துக்கே என் முகம் வீங்கியதால் நீ கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்து, தொடையில் குத்தணும் என்று படித்துப் படித்துச் சொன்ன அலர்ஜி ஊசிகள் எங்கே இருந்தன தெரியுமா? என் கல்யாண மாலைக்கும் நீ தந்த சென்ட் குப்பிக்கும் நடுவில், பூட்டுக்குள்! வெளிநாட்டுச் சாமானாம். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தவர், முதல்ல ஒரு சின்ன ஜெபம் பண்ணுவோம் என்று கண்ணை மூடிவிட்டார். அவருடைய சின்ன ஜெபம் உனக்குத் தெரியும், ஆதாமில் தொடங்கும். எலே, தொறலே என்று இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். திறந்தார். நானே பிடுங்கி நைட்டியோடு சேர்த்துத் தொடையில் குத்தினேன். பக்கத்து வீட்டு வினீத்தின் ஆட்டோவில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம், இவ என்னைய எலேன்னு விளிச்சாளே என்று அவனிடம் ஒரே முறையீடு. ஆனால் என் கையை விடவே இல்லை.

தேனீ வளர்க்கிறவர்கள் வீட்டாரின் ரத்தத்தை வைத்து நீ செய்கிற ஆராய்ச்சிக் கதையையே டாக்டரும் சொன்னார். தேனீ வளர்க்கிறவனுக்குக் குத்து வாங்கி வாங்கிப் பழகிவிடும், எப்போதாவது வாங்குகிற வீட்டாருக்குத்தான் ஆபத்தாம். நீ சொன்னபோது சிரித்த உன் அப்பா இந்தத் தடவை தலையாட்டிக் கேட்டார். பெட்டிகளையெல்லாம் பெருங்கடவிளையில் தேனீ வளர்க்கிற ஸ்ரீஜித்தின் தோட்டத்துக்கு ஏற்றிவிட்டு, வெறும் இடத்தைப் பார்த்து அழுதார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. மிச்சமிருக்கும் ஊசி இப்போது முன்னறையில் ஆணியில் தொங்குகிறது. அந்தத் தேனீ விஷத்தையே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழக்குகிற சிகிச்சை உண்டாமே, விசாரித்து எழுது.

இன்னொன்று மக்கா. நேற்று சாப்பிடும்போது அப்பா பாதியில் கையை எடுத்துவிட்டு, ஜின்சியும் இந்த வீட்டுல வளந்த பிள்ளதானே, அவளுக்கும் இந்த அலர்ஜி இருக்குமோ என்று கேட்டார். எனக்கும் சோறு இறங்கவில்லை. ஊரார் ரத்தத்தையெல்லாம் குப்பியில் அடைத்துப் பார்க்கிறாயே, உன் ரத்தத்தைப் பார்த்தாயா? பார்த்திருக்கமாட்டாய், நீ அவர் மகளாக்கும். நாளைக்கே பார். கர்த்தர் உன்னைக் காக்கட்டும், ஊசியும் உன் பையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் மூச்சு விடுகிற உன் அம்மா
ஆனந்தபாய், பாறசாலை